மூடாத உச்சி

துணுக்காயில் ஒரு தாய்க்கு இருபத்தெட்டாவது வாரத்திலேயே நோ தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளையின் மூளைக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி, அது வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயை வண்டியில் ஏற்றிவிடுவது. மல்லாவி ஆதார வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேலே என்றால் மாங்குளம் சந்திக்கு வந்து ஏ-9 வீதியைப் பிடித்துக் கிளிநொச்சி. அதுவும் போதாதென்றால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை. பிறந்த பிள்ளையை இன்கியுபேற்றரில் வைத்து அதே வீதியால் கொண்டுபோகலாம்தான். ஆனால் வேறிடத்தில் பிறந்து பின்னர் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றப்படும் குறைமாதப் பிள்ளைகளுக்கு மூளையில் குருதிக் கசிவு கூடுதலாக ஏற்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தாயின் வயிற்றை விஞ்சும் அம்புலன்ஸ் இன்னும் யாரும் செய்யவில்லை.

குறைமாதம் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது நுரையீரல். மூச்சுத் திணறுவது கண்ணுக்குத் தெரியும்; நெஞ்சு உள்வாங்கும், உதடு நீலம் பாயும். மூளைக்கு நடப்பது அப்படித் தெரியாது. ஒரு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு மண்டைக்குள் குருதி கசிந்தாலும், பல வேளைகளில், பக்கத்தில் நிற்கும் தாதிக்குக்கூட ஒரு அடையாளமும் கிடைக்காது. ஊசி குத்தாமல், மண்டையைத் திறக்காமல், பிள்ளையை அந்த இடத்திலிருந்து அசைக்காமல் மூளையைப் பார்க்க என்ன வழி என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறந்தது. ஒலி, ஒளி, மின், அசைவு என்று நான்கு வழிகள் இதுவரை கிடைத்திருக்கின்றன. நான்காவது வழிக்கு இயந்திரமே தேவையில்லை. வன்னிக்கு மிகவும் பொருந்துவது அதுதான் என்பது என் எண்ணம். முதலில் மற்ற மூன்றையும் பார்த்துவிடுவோம்.

இருபத்துநான்காம் வாரத்தில் மனித மூளையின் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழப்பாகவே இருக்கும். படங்களில் பார்த்துப் பழகிய மடிப்புகள் பெரும்பாலும் அதன் பிறகு விழுபவை. கடைசி மூன்று மாதங்களில் மூளையின் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. வயிற்றின் இருட்டில் நடக்க வேண்டிய அந்த வளர்ச்சி, குறைமாதப் பிள்ளைக்கு மின்விளக்கின் கீழே, இயந்திரங்களின் கீச்சொலி நடுவே, வாயில் குழாயுடன் நடக்கிறது.

மூளையின் நடுவே நீர் நிரம்பிய அறைகள் உண்டு. அவற்றின் ஓரமாக, புதிய கலங்கள் பிறக்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. வளர்ச்சி வேகமாக நடக்கும் இடமாதலால் அங்கே குருதி நிறையப் பாயும். ஆனால் அதைக் கொண்டுவரும் நாளங்கள் தற்காலிகமானவை. அவற்றின் சுவரில் தசை இல்லை, தாங்கும் வலுவும் இல்லை. முப்பத்துநான்காம் வாரமளவில் இந்தப் படலம் பெரும்பாலும் சுருங்கிவிடும். அதற்கு முன்னர், குறிப்பாக முப்பத்திரண்டு வாரத்துக்கு முன்னர் பிறந்தவர்களுக்கு, குருதி கசிவது இந்த இடத்தில்தான். பெரும்பாலான கசிவுகள் பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் நடந்து முடிந்துவிடும்.

ஏன் கசிகிறது? முதிர்ந்த மூளையின் நாளங்களுக்கு ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. குருதி அமுக்கம் ஏறினால் அவை சுருங்கும், இறங்கினால் விரியும். மூளைக்குப் போகும் குருதியின் அளவு மாறாது. வவுனிக்குளத்தில் தண்ணீர் ஏறி நின்றாலும் இறங்கி நின்றாலும், துருசைக் கூட்டியும் குறைத்தும் வயலுக்கு ஒரே அளவில் நீர் விடுவதைப் போன்ற வேலை இது. குறைமாதப் பிள்ளைக்கு இந்தத் துருசு இன்னும் சரியாக வேலை செய்யத் தொடங்கவில்லை. அமுக்கம் ஏறினால் வெள்ளம், இறங்கினால் வறட்சி. வெள்ளத்தில் மெல்லிய நாளம் வெடிக்கும். வறட்சியில் நீரறைகளை ஒட்டிய வெண்பொருளில் கலங்கள் இறந்துபோய், சில வாரங்களில் அங்கே சிறு குழிகள் தெரியும். மூளையிலிருந்து கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் அந்த வெண்பொருளின் வழியாகத்தான் இறங்குகின்றன. ஒன்றரை வயதாகியும் கால் ஊன்றாத பிள்ளைக்கு மூளை முடக்குவாதம் என்று பின்னர் பெயர் சொல்வார்கள். பலருக்கு அதன் தொடக்கம் அந்த முதல் வாரங்களில் இருக்கிறது.

நம் வீடுகளில் பச்சைப் பிள்ளையின் உச்சியை அழுத்தித் தொட விடமாட்டார்கள். விரல் நுனியால் எண்ணெய் வைக்கும்போது அந்த இடம் துடிப்பதை அம்மம்மாமார் காட்டித் தருவார்கள். ஒன்றரை வயதளவில் மூடிக்கொள்ளும் அந்த உச்சிக்குழியில் எலும்பு இல்லை. தோலும் ஒரு சவ்வுந்தான். நான்கு வழிகளில் முதலாவதான ஒலிக்கு இதுவே வாசல். ஸ்கான் கருவி அனுப்பும் கழியொலியை எலும்பு தடுத்துவிடும், உச்சிக்குழி தடுக்காது. வளர்ந்தவர் ஒருவரின் மூளையை ஸ்கான் கருவியால் அப்படிப் பார்க்க முடியாததற்கும், பிள்ளையின் மூளையைப் பார்க்க முடிவதற்கும் காரணம் இவ்வளவுதான். 1970களின் பிற்பகுதியில் வைத்தியர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்கியுபேற்றரின் பக்கக் கதவால் கையை விட்டு, சிறிது களியைப் பூசி, கருவியின் நுனியை உச்சியில் மெல்ல வைத்தால், நீரறைகள் கறுப்பாகவும் கசிந்த குருதி வெள்ளையாகவும் திரையில் வரும். 1978இல் அமெரிக்க வைத்தியர் லூ-ஆன் பபீல் வகுத்த நான்கு படிநிலைகளை இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். அவர் பார்த்தது சீ.டி. படங்களில், நடைமுறையில் அது ஸ்கானுக்கு இடம் மாறிவிட்டது.

ஸ்கானுக்கு ஒரு குறை இருக்கிறது. அது நடந்து முடிந்ததைக் காட்டும். நடக்கப் போவதைக் காட்டாது. மூளைக்கு இப்போது, இந்த நிமிடத்தில், ஒட்சிசன் போதுமா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அந்தப் பதிலுக்குத்தான் ஒளியிடம் போனார்கள்.

மின்சாரம் நின்ற இரவில் டோர்ச் லைற்றை உள்ளங்கையால் பொத்திப் பார்க்காத பிள்ளை இருக்காது. விரல்கள் சிவப்பாக ஒளிரும். வெள்ளை ஒளியில் மற்ற நிறங்களைத் தசையும் குருதியும் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் மறுபக்கம் வருகிறது. 1831இலேயே லண்டன் வைத்தியர் ரிச்சர்ட் பிரைட், மண்டையில் நீர் கோத்த ஒரு நோயாளியின் தலைக்குப் பின்னால் பிடித்த மெழுகுதிரியின் வெளிச்சம் முன்னால் தெரிந்ததை எழுதி வைத்தார். அதை அளவீடாக மாற்ற ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ், இரவுச் சாப்பாட்டில் மிஞ்சிய மாட்டிறைச்சி எலும்பை வெளிச்சத்துக்குப் பிடித்தபோது சிவப்பொளி அதனூடாக வந்ததிலிருந்து தனக்கு யோசனை பிறந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிவப்பொளி எலும்பைக் கடக்குமானால், கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளி இன்னும் நன்றாகக் கடக்காதா? 1977இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ 700 முதல் 900 நனோமீற்றர் வரையான அலைநீளங்களுக்கு உடல் ஓரளவு திறந்தே கிடக்கிறது என்று காட்டியது.

அந்த ஒளியை வைத்து எதை அளப்பது? ஈமோகுளோபினை. ஒட்சிசனைச் சுமந்த ஈமோகுளோபின் ஒரு அலைநீளத்தைக் கூடுதலாக விழுங்கும். ஒட்சிசனை இறக்கி வைத்த ஈமோகுளோபின் வேறொன்றைக் கூடுதலாக விழுங்கும். ஆகவே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அலைநீளங்களை நெற்றியில் அனுப்பி, சில சென்ரிமீற்றர் தள்ளி மீண்டு வருவதை அளந்தால், கணக்கு கிடைத்துவிடும். 1980களின் நடுப்பகுதியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒஸ்மண்ட் ரெனால்ட்ஸ் என்ற குழந்தை வைத்தியரும் டேவிட் டெல்பி என்ற இயற்பியலாளரும் தம் குழுவினருடன் இதைப் பச்சிளம் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். குறைமாதப் பிள்ளை இதற்கென்றே படைக்கப்பட்டதுபோல் இருந்தது: மெல்லிய மண்டையோடு, முடியில்லாத நெற்றி, சின்னத் தலை. இன்று அந்தக் கருவி ஒரு சின்னப் பட்டி. நெற்றியில் ஒட்டினால் திரையில் நூற்றுவீதமாக ஒரு எண் வரும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும் இதே கொள்கையில்தான் வேலை செய்கிறது. 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அவோயாகி கண்டுபிடித்தது. 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்த மானி நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தபோதே குருதியில் ஒட்சிசன் குறைந்திருந்த நிலை, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாக இருந்தது. தோலின் நிறமும் ஒளியை விழுங்குகிறது. நம்மைப் போன்ற நிறத்தவர்கள் ஒளியால் அளக்கும் எந்தக் கருவியின் எண்ணையும் சற்று யோசித்தே வாங்கிக்கொள்வது நல்லது.

இனி முக்கியமான கேள்வி. மூளையின் ஒட்சிசன் எண் தெரிந்தால் பிள்ளை பிழைக்குமா, நலமாக வளருமா? கொப்பன்ஹேகன் வைத்தியர் கோர்ம் கிறைசனும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். 2015இல் வெளியான சிறிய சோதனையில் 166 பிள்ளைகள். எண் 55க்கும் 85க்கும் இடையில் நிற்க வேண்டும். விலகினால் அமுக்கத்தையோ மூச்சு இயந்திரத்தையோ திருத்த வேண்டும், தேவையானால் குருதி ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தபோது எண் எல்லைக்கு வெளியே கழித்த நேரம் நன்றாகக் குறைந்தது. எல்லாருக்கும் நம்பிக்கை பிறந்தது. பிறகு 17 நாடுகளில், இருபத்தெட்டு வாரத்துக்கு முன் பிறந்த 1601 பிள்ளைகளிடம் பெரிய சோதனை. முடிவு 2023இல் வந்தது. கருவி பூட்டிய பிள்ளைகளில் இறந்தவர்களும் மூளையில் கடும் பாதிப்புக்கு உள்ளானவர்களும் சேர்ந்து 35.2 வீதம். கருவி இல்லாமல் வழமையான பராமரிப்பில் இருந்தவர்களில் 34 வீதம். வேறுபாடு இல்லை.

பல மில்லியன் செலவழித்துக் கருவி வாங்க எண்ணும் சுகாதார அமைச்சுகள் இந்த இரண்டு எண்களைச் சுவரில் எழுதி வைக்கலாம். கருவி பொய் சொல்லவில்லை. எண் குறைந்தபோது என்ன செய்தால் மூளை காப்பாற்றப்படும் என்பதுதான் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

நமக்கு இன்னும் அருகில் நடந்த ஒரு சோதனையும் இருக்கிறது. அது மாதம் நிறைந்து பிறந்து, பிறப்பின்போது மூச்சடங்கிப்போன பிள்ளைகளைப் பற்றியது. அவர்களின் உடலை மூன்று நாள் குளிரவைத்தால் மூளை தப்பும் என்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. சென்னை, பெங்களூர், மும்பை, டாக்கா, நம் நாட்டில் ராகமை ஆகிய இடங்களின் அரச வைத்தியசாலைகளில் 408 பிள்ளைகளிடம் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் குழுவினர் அதைச் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். குளிரவைத்தவர்களில் 42 வீதத்தினர் இறந்தார்கள். வைக்காதவர்களில் 31 வீதத்தினர். வேறிடத்தில் உயிர் காத்த முறை இங்கே உயிரிழப்பைக் கூட்டியிருந்தது.

மூன்றாவது வழி மின். 1924இல் ஜேர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிந்தார். 1960களின் இறுதியில் லண்டனில் டக்ளஸ் மேனார்டும் பமேலா பிரையரும் அதைச் சுருக்கி, மணிக்கணக்கான பதிவு ஒரு சாண் கடதாசியில் அடங்கும்படி ஒரு கருவி செய்தார்கள். இதயம் நின்றுபோன பெரியவர்களுக்காகச் செய்தது. சுவீடனின் லுண்ட் நகரில் லேனா ஹெல்ஸ்ட்ரோம்-வெஸ்தாஸும் அவருடைய கூட்டாளிகளும் அதைப் பிள்ளைகளின் தொட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். பச்சிளம் பிள்ளைகளின் வலிப்பில் பெரும்பகுதி உடலில் தெரிவதில்லை. கை கால் இழுக்காமல் மூளைக்குள்ளேயே நடந்து முடிகிறது. அதைப் பிடிக்க இந்தக் கருவிதான் உதவுகிறது.

ஆனால் எனக்கு வியப்பாக இருப்பது வலிப்பைவிட, நலமான குறைமாத மூளையின் வழமையான பதிவுதான். வளர்ந்தவரின் மூளையலை தூக்கத்திலும் நிற்பதில்லை. இருபத்தெட்டு வாரப் பிள்ளையின் பதிவில் திடீரென ஒரு வீச்சு வரும். பிறகு பல வினாடிகள் ஏறக்குறைய ஒன்றுமே இராது. மீண்டும் ஒரு வீச்சு. முதன்முதலில் பார்க்கும் மாணவர் மூளை நின்றுவிட்டது என்று பதறக்கூடும். வாரங்கள் ஏற ஏற இடைவெளிகள் சுருங்கி, மாதம் நிறையும்போது பதிவு தொடர்ச்சியாகிவிடும்.

அந்த வீச்சுகள் எதனால் வருகின்றன? 2007இல் பிரான்சில் இயங்கிய ஆய்வாளர்கள் மத்தியூ மில், ருஸ்தெம் காசிபோவ் ஆகியோர் ஒன்றைக் காட்டினார்கள். முப்பது வாரமளவிலான பிள்ளையின் கை தூக்கத்தில் தானாக வெட்டித் துடிக்கிறது. உடனே மூளையில், அந்தக் கைக்குரிய இடத்தில், ஒரு வீச்சு எழுகிறது. மூளை கட்டளையிட்டுக் கை அசைந்ததென்று நாம் நினைத்திருப்போம். இங்கே கை அசைந்த பிறகு மூளை விழிக்கிறது. இது கை, இது கால், இது என் உடம்பு என்று மூளை தன் வரைபடத்தைக் கீறிக்கொள்வது இந்தத் துடிப்புகளால்தான் என்று அவர்கள் கருதுகிறார்கள். வயிற்றில் பிள்ளை உதைக்கிறது என்று தாய் சொல்லும்போது உள்ளே நடப்பது ஒரு பாடம்.

நான்காவது வழியும் அசைவிலிருந்தே தொடங்குகிறது. ஹைன்ஸ் பிரெக்டல் வியன்னாவில் பிறந்தவர். வைத்தியம் படித்தவர் என்றாலும் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து தொடங்கியவர். கொன்ராட் லோரென்ஸின் மரபில் வந்தவர். அந்த மரபின் முதல் விதி, தொந்தரவு செய்யாமல் பார். அக்கால நரம்பு வைத்தியர்கள் பிள்ளையைத் தூக்கி, இழுத்து, முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். பிரெக்டல், நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில், பிள்ளையைச் சும்மா மல்லாத்திக் கிடத்திவிட்டுப் பார்த்தார். முதலில் வயிற்றுப் பிள்ளைகளை ஸ்கானில், பிறகு குறைமாதப் பிள்ளைகளை வீடியோவில்.

அவர் கண்டது இது. எவரும் தூண்டாமலே பிள்ளையின் முழு உடலும் அவ்வப்போது அசைகிறது. கழுத்து, கை, உடல், கால் என்று ஒழுங்கு மாறி மாறி, ஏறி இறங்கி, ஒரு முறை வந்தது மறுமுறை வராமல். பிறக்க வேண்டிய நாளையொட்டி அது நெளிவாக இருக்கிறது. அந்த நாளிலிருந்து ஒன்பதாம் வாரமளவில் நெளிவு மறைந்து, உடலெங்கும் எல்லாத் திசையிலும் சின்னச் சின்னத் துறுதுறுப்பு வருகிறது. இருபதாம் வாரமளவில் அதுவும் போய்விடும். இந்த அசைவின் ஊற்று மூளைத்தண்டில். அதற்கு நெளிவும் சுழிவும் கொடுப்பது மேல்மூளை. மேல்மூளையிலிருந்து இறங்கும் இழைகள் அந்த நீரறைகளின் ஓரத்து வெண்பொருளில் அறுபட்டிருந்தால், அசைவு இருக்கும், அழகு இருக்காது. கை கால் எல்லாம் ஒரே நேரத்தில் விறைத்து ஒரே நேரத்தில் தளரும். துறுதுறுப்பு வரவே வராது.

1997இல் அவரும் கிறிஸ்டா ஐன்ஸ்பீலர் முதலானோரும் 130 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். துறுதுறுப்பு சரியாக இருந்த 70 பேரில் 67 பேர் பின்னர் நலமாக இருந்தார்கள். இல்லாமலோ பிறழ்ந்தோ இருந்த 60 பேரில் 57 பேருக்கு நரம்புக் குறைபாடு இருந்தது. 2017இல் மூளை முடக்குவாதத்தை முன்கூட்டியே அறிவது பற்றி அயோனா நோவக் தலைமையில் வெளிவந்த வழிகாட்டுதலில், இந்தக் கண்பார்வைச் சோதனையின் கண்டுபிடிக்கும் திறன் 98 வீதம் என்றும், எம்.ஆர்.ஐ. படத்தினது 86 முதல் 89 வீதம் என்றும் இருக்கிறது. கோடிக்கணக்கான ரூபாய் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சில நாள் பயிற்சி பெற்ற இரண்டு கண்கள்.

முன்கூட்டி அறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். ஒட்சிசன் எண்ணிடம் கேட்ட அதே கேள்விதான். வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. அந்த எண் வரும்போது செய்ய வேண்டியதை நிமிடங்களில் முடிவு செய்ய வேண்டும், அதுவும் சரியாகத் தெரியாத ஒன்றை. இங்கே மூன்றாம் மாதத்தில் தெரிந்தால், பிள்ளை இருக்கத் தொடங்கும் முன்பே பயிற்சி தொடங்கலாம்; தசை இறுகி மூட்டு மடங்குவதையும் இடுப்பு மூட்டு நழுவுவதையும் கண்காணிக்கலாம். மூளை இழந்ததை அது மீட்டுத் தராது. ஒன்றரை வயது வரை "நடப்பான், பயப்படாதேங்கோ" என்று கேட்டுக் காத்திருந்து இழக்கும் காலத்தை மீட்டுத் தரும்.

வன்னியில் இதற்கு வேண்டியவற்றில் பல ஏற்கெனவே இருக்கின்றன. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையால், தாயின் வீட்டுக்கு நடந்து வரும் குடும்பநல உத்தியோகத்தர் நமக்கு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதாரப் பதிவேடு உண்டு. நெதர்லாந்து உதவியோடு கட்டிய புனர்வாழ்வு வைத்தியசாலை மாங்குளத்தில் 2024இல் திறக்கப்பட்டது. துணுக்காயிலிருந்து வெள்ளாங்குளம் வீதியால் மாங்குளத்துக்கு நேரே வந்துவிடலாம். கையில் போன் இல்லாத வீடு அரிது. ஒஸ்ரேலியாவின் மெல்பேர்ணில் அலிசியா ஸ்பிற்றல் குழுவினர் செய்த செயலியில் பெற்றோரே வீட்டில் வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். பார்த்துச் சொல்லும் பயிற்சி பெற்றவர் பிள்ளையின் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் போதும், கொழும்பில் இருந்தாலும் போதும்.

எடுக்கும் முறையும் எளிது. பிள்ளை பசியாறி, விழித்து, அமைதியாக இருக்க வேண்டும். கை கால் தெரியும் உடுப்போடு பாயில் மல்லாத்திக் கிடத்தி, கால்மாட்டில் நின்று முழு உடலும் விழும்படி மூன்று முதல் ஐந்து நிமிடம். கிலுக்கிட்டி ஆட்டக் கூடாது, சூப்பி கொடுக்கக் கூடாது, "செல்லக்குட்டி" என்று கூப்பிடக் கூடாது. பிள்ளை அழத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். அழுகையில் துறுதுறுப்பு மறைந்துவிடும். வீட்டில் அம்மம்மா இருந்தால் இந்த ஐந்து நிமிடம் அவரைக் கட்டுப்படுத்துவதுதான் கடினமான பகுதி.

தவறக்கூடியது நாள் கணக்கு. மூன்று மாதம் என்பது பிறந்த நாளிலிருந்து அல்ல, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. இருபத்தெட்டு வாரத்தில் ஜனவரி முதலாம் திகதி பிறந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வாரம் கூட்டினால் மார்ச் 26. அதிலிருந்து பன்னிரண்டாம் வாரம் ஜூன் 18, பதினாறாம் வாரம் ஜூலை 16. வீட்டுக்கு அனுப்பும் அன்றே இந்தக் கடைசி இரண்டு திகதிகளையும் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தால், அவற்றுக்கிடையே ஒரு நல்ல வீடியோ எடுத்துவிடலாம். தவறவிட்டு ஓகஸ்ட் நடுப்பகுதியும் கடந்துவிட்டால், பிள்ளை கைநீட்டிப் பொருளைப் பற்றும் வயதுக்கு வந்திருக்கும். துறுதுறுப்பு நலமான பிள்ளைக்கும் மறைந்திருக்கும். அப்போது எடுக்கும் வீடியோவில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.